நடுவர் எனும் அமானிதம்

ஹானிஉ (ரலி) என்னும் நபித்தோழர் தம் கூட்டத்தாருடன் முதன்முதலாக மதீனா வந்திருந்தபோது நடந்ததாக அபூதாவூத், நஸயீ ஆகிய நூல்களில் ஒரு செய்தி வருகிறது. உடன் வந்தவர்கள் அவரை 'அபுல் ஹகம்' என்று அழைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செவியுற்றார்கள். ஹகம் என்பது அல்லாஹ்வுக்குரிய பெயராயிற்றே, உமக்கு ஏன் இந்தப் பெயர் என வினவினார்கள். தம் மக்களுக்குள் பிணக்கு எழும்போதெல்லாம் தம்மிடம் வருவார்கள் என்றும், தாம் தீர்ப்புச் சொன்னால் இரு சாராரும் பொருந்திக் கொள்வார்கள் என்றும் அவர் விடையளித்தார். இது எத்துணை அழகான செயல் என்று பெருமானார் (ஸல்) மகிழ்ந்தார்கள். பின்னர் அவருடைய பிள்ளைகளில் மூத்தவர் யார் என்று கேட்டு, ஷுரைஹ் என்றதும், இனி நீர் அபூஷுரைஹ் என்று பெயரை மாற்றி வைத்தார்கள்.

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் ஒன்று என் மனத்தில் படும். அந்த மனிதரின் பணியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாராட்டினார்கள். பட்டத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். பிணக்கைத் தீர்த்து வைக்கும் வேலை அவரிடமே இருந்தது. தீர்ப்பின் பிதா என்று மார்தட்டிக் கொள்ளும் இடம் அவரிடம் இல்லாமற் போயிற்று.

நம் ஊர்களில் பல நேரங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. பட்டம் இருக்கிறது, முன்வரிசை நாற்காலி இருக்கிறது, சால்வை இருக்கிறது. இரு சாராரும் பொருந்திக் கொள்ளும் தீர்ப்பு மட்டும் கிடைப்பதில்லை.

நான் பிறந்த ஊர் வேறு. ஓதிக் கொடுக்கும் ஊர் வேறு. ஓதி முடித்த பிறகு கல்லூரியில் சேர்ந்து வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றேன். அதன்பின் இருபது ஆண்டுகளாக இந்த மஹல்லாவின் மத்ரஸாவில் இருக்கிறேன். இங்கே எனக்குச் சொத்து இல்லை. பெண் கொடுத்த வீடும் இல்லை, எடுத்த வீடும் இல்லை. ஜமாஅத் தேர்தலில் எனக்கு ஓட்டும் கிடையாது. இவையெல்லாம் குறைகள் என்றுதான் நீண்ட காலம் எண்ணியிருந்தேன். வீட்டுச் சுவர்த் தகராறு, வாய்க்கால் வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் என்று ஒன்றிரண்டு பேர் தேடி வரத் தொடங்கிய பிறகே இவற்றின் பெறுமதி விளங்கிற்று. யாருக்கும் உறவில்லாத ஒருவன் ஊரில் இருப்பது சில வேளைகளில் ஊருக்கே உதவியாகிறது.

பிணக்கில் இடையே வருகிற எல்லாரையும் நாம் 'மத்தியஸ்தர்' என்ற ஒரே சொல்லால் அழைத்து விடுகிறோம். ஸுல்ஹ் எனும் சமாதானம் செய்து வைப்பவர் வேறு. ஹகமாக அமர்பவர் வேறு. சமாதானம் செய்பவரை யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அவர் தாமாகவே வரலாம். இருவரிடமும் கெஞ்சலாம், கண்டிக்கலாம், இவரைப் பற்றி அவரிடம் நாலு நல்ல வார்த்தை கூட்டியும் சொல்லலாம். நம் பழந்தமிழ் வரலாற்றில் இதற்கு அருமையான சான்று உண்டு. உறையூரில் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, நலங்கிள்ளி முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழர் குடியினர். இருவரும் சூடியிருந்தது ஆத்திமாலை. கோவூர் கிழார் என்ற புலவர் இடையே சென்று, உங்களில் எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று எடுத்துரைத்ததைப் புறநானூற்றில் காண்கிறோம். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இருவருக்கும் நாணத்தை உண்டாக்கினார்.

ஹகமின் நிலை அதுவன்று. அவரை இரு தரப்பும் மனமொப்பித் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். சொல்லப்போவது ஒருவருக்குக் கசக்கும் என்று தெரிந்தே அவர் சொல்ல வேண்டும். ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்களில் இது குறித்து நுட்பமான விதி ஒன்றுண்டு. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர் இரு தரப்பில் எவரும், எங்களுக்கு இவர் வேண்டாம் என்று விலகிக் கொள்ளலாம். சொல்லிய பிறகு விலக முடியாது. உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பிலும் தஹ்கீம் பற்றிய பகுதியில் இவ்விதி இடம்பெற்றுள்ளது. ஆக, அவருடைய அதிகாரம் முழுவதும் அந்த இருவர் கொடுத்ததே. பள்ளிவாசலும் கொடுக்கவில்லை, படிப்பும் கொடுக்கவில்லை.

கஅபாவை மக்கத்துக் குறைஷியர் புதுப்பித்துக் கட்டியபோது பெருமானார் (ஸல்) அவர்களுக்கு வயது 35. நுபுவ்வத் கிடைப்பதற்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைக்கும் சிறப்பு எந்தக் கோத்திரத்துக்கு என்பதில் பூசல் மூண்டது. இரத்தம் நிறைந்த கிண்ணத்தில் கைகளை முக்கிச் சத்தியம் செய்யும் அளவுக்கு அது முற்றிப்போயிற்று. நான்கைந்து இரவுகள் இப்படியே கழிந்தபின், அவர்களில் வயது முதிர்ந்தவரான அபூ உமய்யா, இந்த வாயில் வழியாக முதலில் நுழைபவர் எவரோ அவரை ஹகமாக ஏற்போம் என்றார். நுழைந்தவர்கள் நம் பெருமானார் (ஸல்). 'அல்அமீன்' வந்துவிட்டார் என்று எல்லாரும் மகிழ்ந்தனர். துணி ஒன்றை விரித்துக் கல்லை அதில் வைத்து, கோத்திரத் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கும்படி செய்து, உரிய இடத்துக்கு வந்ததும் தம் திருக்கரத்தால் எடுத்துப் பதித்தார்கள் என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவர்.

மேடைகளில் அந்தத் துணியின் அழகைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கோ அதற்கு முந்திய கட்டமே பெரிதாகத் தோன்றுகிறது. வரப்போகிறவர் யார் என்று தெரிவதற்கு முன்பே அவர்கள் இசைந்துவிட்டார்கள். யார் என்று தெரிந்த பின் இசைவு கேட்டிருந்தால், அவர் எந்தக் கிளை, எவருக்கு மருமகன் என்று மீண்டும் நான்கு இரவுகள் கழிந்திருக்கும். நம் மஹல்லாக்களில் நடுவர் யார் என்பதிலேயே பாதித் தகராறு நிகழ்வதைப் பார்க்கும்போது அபூ உமய்யாவின் யோசனை எத்தனை கூர்மையானது என வியப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

அண்ணன், தம்பி இருவர். அத்தா மவுத்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. அத்தாவைப் பெற்றவர்கள் முன்பே காலமாகிவிட்டனர். கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை, மாடி வைத்த வீடு, இரண்டு ஏக்கர் நன்செய். அண்ணன் பதினெட்டு ஆண்டுகள் அத்தாவுடன் கடையில் நின்றவர். தம்பி வளைகுடாவில் உழைத்துப் பணம் அனுப்பியவர். கடை வளர்ந்தது என் உழைப்பால் என்பது அண்ணன் வாதம். மாடி எழும்பியது என் பணத்தால் என்பது தம்பி வாதம். இருவர் பிள்ளைகளும் என்னிடம் ஓதிக் கொண்டிருந்தார்கள். இருவருமாக ஒரே நாளில் வந்து, "ஹஜ்ரத், நீங்க என்ன சொன்னாலும் சரி" என்றார்கள்.

அம்மா இருக்கிறார்கள். அதை இருவரும் சொன்னார்கள். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஒருவர் இருப்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்ததால் கேட்டேன்.

"அக்காவுக்குக் கல்யாணத்துலயே அத்தா எல்லாம் செஞ்சுட்டாங்க ஹஜ்ரத். நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு. அவங்க ஒண்ணும் கேக்கல. விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுத் தந்துடுவாங்க. நீங்க எங்க ரெண்டு பேருக்கும் சொன்னாப் போதும்" என்றார் அண்ணன். தம்பியும் தலையாட்டினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் எந்தப் பிணக்கும் இல்லை.

இங்கேதான் நடுவருக்குச் சோதனை வருகிறது. என்னைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருவர். அவர்கள் இருவருக்கும் நடுவே நான் நேர்மையாக இருந்துவிடலாம். துலாக்கோலின் முள் ஒரு நெல்லளவும் சாயாது. ஆனால் தட்டில் வைத்திருக்கும் பொருளில் மூன்றாமவருக்கும் பங்கு இருக்கிறதே! இருவர் இசைந்து தந்த அதிகாரத்தைக் கொண்டு, இசைவே கேட்கப்படாத ஒரு பெண்ணின் பொருளை நான் எப்படிப் பிரிப்பது? எனவே, அக்காவும் அம்மாவும் என்னை ஹகமாக ஏற்றுக்கொண்டால் அமர்கிறேன், இல்லையேல் வேறொருவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்து நாட்கள் யாரும் வரவில்லை. பிறகு நால்வருமாக வந்தார்கள்.

அக்காவின் கணவரும் உடன் வந்திருந்தார். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அவரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, அம்மாவின் அருகே இருந்த அக்காவிடமே கேட்டேன். அவர் தலை குனிந்தபடி சொன்ன சொல் இன்றும் என் காதில் நிற்கிறது. "தம்பிங்க கேட்டா விட்டுக் கொடுத்துடுவேன் ஹஜ்ரத். ஆனா எவ்வளவு விட்டுக் கொடுக்கிறேன்னு எனக்குத் தெரியணுமில்லையா?"

ஃபிக்ஹு நூல்களில் நான் பல பக்கங்கள் ஓதியதை அந்தச் சகோதரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

கணக்கு ஒன்றும் கடினமன்று. முதலில் அடக்கச் செலவும் கடனும். வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் அதையும் நிறைவேற்ற வேண்டும். அவர்கள் அத்தா வஸிய்யத் ஏதும் செய்திருக்கவில்லை. எஞ்சியதில், பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. மொத்தத்தை 40 பங்காக வைத்தால் அம்மாவுக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. கல்யாணத்தில் போட்ட நகை அத்தா உயிரோடிருக்கையில் கொடுத்த அன்பளிப்பு. வாரிசுரிமையில் அதைக் கழிக்க வழியில்லை. நன்செய்யில் பெண்களுக்குப் பங்கில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அதற்கும் சட்டத்தில் இடமில்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மை. 1949இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. முக்கால் நூற்றாண்டாகியும் இச்செய்தி பல வீடுகளின் படிக்கட்டைத் தாண்டவில்லை.

கடினமாக இருந்தது கடன் கணக்குத்தான். தம்பி அனுப்பிய பணம் கடனா, அன்பளிப்பா? மகன் தகப்பனுக்கு அனுப்பியதையெல்லாம் கடன் என்று கொள்வதற்கு ஆதாரம் வேண்டும். அம்மா எழுந்து போய் அலமாரியிலிருந்து அத்தாவின் பழைய கணக்கு நோட்டைக் கொண்டுவந்தார்கள். மாடி கட்டிய காலத்துப் பக்கங்களில் மூன்று தொகைகளுக்கு நேரே மட்டும் 'கைமாற்று, திருப்பித் தரவேண்டியது' என்று அத்தாவின் கையெழுத்தில் இருந்தது. மற்றத் தொகைகளுக்கு நேரே ஒன்றும் இல்லை. அண்ணன் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நெடுநேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அத்தா எழுத்துதான்" என்றார். அந்த மூன்றும் கடனாயிற்று. பிற தொகைகள் அத்தாவுக்கே சேர்ந்தவையாயின.

அண்ணனின் பதினெட்டு ஆண்டுகளுக்கு நோட்டில் எழுத்து எதுவும் இல்லை. கூட்டு வியாபாரம் என்ற பேச்சோ பத்திரமோ இல்லை. மாதந்தோறும் குடும்பச் செலவுக்கு எடுத்துக் கொண்ட கணக்கு மட்டும் இருந்தது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைத்த மனிதர் அவர். நானே பார்த்திருக்கிறேன். பார்த்தவன் என்பதற்காக, எழுதப்படாத பங்கை மற்ற மூவரின் பொருளிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. மற்றவர்கள் மனமுவந்து கொடுத்தால் அது வேறு. அதை நான் கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. கேட்டேன். அம்மா தம்முடைய ஐந்தில் இரண்டை அண்ணனுக்கு அன்பளிப்பாகத் தருவதாகச் சொன்னார்கள். தம்பி பேசவில்லை. அக்கா, "என் பங்கைக் கையில வாங்கின பிறகு யோசிக்கிறேன்" என்றார்.

இந்த வழக்குக்கு முதல் நாளே நேர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று. மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பினால் முற்றத்தில் ஒரு கூடை மாம்பழம். அனுப்பியது எந்தத் தரப்பு என்று இங்கே எழுதவில்லை. ஆண்டுதோறும் அந்த வீட்டிலிருந்து வருவதுதான், புதிதொன்றுமில்லை. ஆயினும் என் மனைவி அதைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தார். "வழக்கு முடிஞ்ச பிறகு அனுப்பினா வாங்கிக்கிறோம்னு சொல்லிட்டேன், வந்து எடுத்துக்கிட்டுப் போவாங்க" என்றார். பிள்ளைகளின் முகம் வாடிற்று. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர், இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது வந்திருக்குமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்ட செய்தியை அன்றிரவு பிள்ளைகளுக்குச் சொன்னேன். மாம்பழத்துக்கு அது ஈடாகவில்லை என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

சாய்வு என்பது கூடையில் மட்டும் வருவதில்லை. உமர் (ரலி) அவர்களுக்கும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் ஒரு தோட்டம் பற்றிப் பிணக்கு எழுந்தது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை ஹகமாக ஏற்று, இருவரும் அவர் இல்லத்துக்கே நடந்து சென்றார்கள். கலீஃபா வந்திருக்கிறாரே என்று ஸைத் (ரலி) தம் விரிப்பில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். உம்முடைய தீர்ப்பில் இதுதான் முதல் அநீதி என்று உமர் (ரலி) அவர்கள் மறுத்து, எதிராளியின் பக்கத்திலேயே அமர்ந்தார்கள். நம்மில் எத்தனை பேர், ஒருவருக்கு நாற்காலியும் மற்றவருக்குத் திண்ணையும் காட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறோம்! ஒருவரை 'வாங்க ஹாஜியார்' என்றும் இன்னொருவரை 'என்னப்பா' என்றும் அழைத்த அந்த நொடியிலேயே ஏழையின் வழக்குப் பாதி தோற்றுவிடுகிறது.

அதே உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரை ஒன்றை விலை பேசி, ஓட்டிப் பார்க்கையில் அது ஊனமுற்றது. திருப்பிக் கொடுக்க எண்ணினார்கள். விற்பவர் மறுத்தார். ஹகம் யார் என்று கேட்டபோது, விற்பவரே ஷுரைஹ் என்பவரின் பெயரைச் சொன்னார். வாங்கியதை வைத்துக் கொள்ளுங்கள், இல்லையேல் வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று ஷுரைஹ் (ரஹ்) தீர்ப்பளித்தார். தமக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னவரையே உமர் (ரலி) அவர்கள் கூஃபாவின் காழியாக நியமித்தார்கள். எங்களூரில் ஒரு பெரிய மனிதருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பெரியவர் ஒருவரை, அடுத்த ஆண்டு நிர்வாகக் குழுவிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்பதையும் இத்துடன் சேர்த்து நினைத்துக் கொள்கிறேன்.

ஹகம் என்றதும் சிலர் ஸிஃப்பீன் போரை நினைவூட்டுவர். ஹிஜ்ரி 37இல், அதாவது கி.பி. 657இல், அலி (ரலி), முஆவியா (ரலி) இரு தரப்பாரும் தத்தமக்கு ஒருவர் என்று இருவரை நியமித்தனர். அதன் விளைவுகள் வேதனையானவை. அவற்றை இங்கே விரிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அங்கே இரு தரப்பும் ஒன்றுகூடித் தேர்ந்தெடுத்த பொது மனிதர் ஒருவர் இருக்கவில்லை. தஹ்கீமே கூடாது, தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று பிரிந்து சென்ற காரிஜியாக்களிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாதிட்டபோது, கணவன் மனைவி பிணக்குக்கே மனிதர்களை ஹகமாக வைக்கும்படி குர்ஆன் கூறுகிறதே என்று எடுத்துக்காட்டினார்கள். அந்த வாதத்தைக் கேட்டுப் பல்லாயிரவர் திரும்பி வந்தனர் என்பர்.

இனி, இன்றைய நாட்டுச் சட்டத்தில் நம் நடுவர்களின் இடம் என்ன என்பதையும் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. ஃபத்வாவுக்கோ தாருல் கழாவின் முடிவுக்கோ சட்டப்படி கட்டாயப்படுத்தும் வலிமை இல்லை; விரும்பியவர் ஏற்கலாம், எவர் மீதும் திணிக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2014இல் கூறிவிட்டது. பள்ளிவாசல் வளாகத்தில் நீதிமன்றம் போல் அமர்ந்து செயல்படுவதை 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. இவற்றைக் கேட்டு நம்மில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மனமொப்பித் தேர்ந்தெடுப்பது என்பதுதானே தஹ்கீமின் உயிர்? ஜமாஅத் விலக்கு, நிக்காஹ் பதிவேடு தரமாட்டோம், மையத்துக்கு வரமாட்டோம் என்று அச்சுறுத்திக் கையெழுத்து வாங்குவது கட்டப்பஞ்சாயத்து. அதைச் செய்துவிட்டு ஷரீஅத்தின் பெயரைச் சொல்வது ஷரீஅத்துக்கு இழைக்கும் தீங்கு.

மத்தியஸ்தம் தொடர்பான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டியபோது அதன் 12ஆம் பிரிவு என்னைக் கவர்ந்தது. நடுவராக அமர அழைக்கப்படுபவர், தமக்கும் ஒரு தரப்பாருக்கும் உள்ள உறவு, கொடுக்கல் வாங்கல் முதலியன எவையேனும் ஐயத்துக்கு இடமளிக்குமாயின் அவற்றை முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நான் இப்போது இதையே பின்பற்றுகிறேன். ஒரு தாளில், இன்னாரின் மகன் என்னிடம் ஓதுகிறான், இன்னாரிடம் இத்தனை ரூபாய்க்குக் கடையில் பற்று இருக்கிறது என்று எழுதி இருவருக்கும் படித்துக் காட்டுகிறேன். அதைக் கேட்ட பின்னும் இருவரும் சரி என்றால்தான் தொடங்குகிறேன். "உங்க மேல எங்களுக்குச் சந்தேகமா ஹஜ்ரத்?" என்று சிலர் கோபித்துக் கொள்வதும் உண்டு.

சகோதரர் வழக்கு எப்படி முடிந்தது என்று வாசகச் சகோதரிகள் கேட்பார்கள். கடைத்தெருவில் நால்வருக்கும் பொதுவான ஒருவரை வைத்துச் சொத்துகளை மதிப்பிட்டோம். கடை அண்ணன் பங்கிலும் மாடி தம்பி பங்கிலும் உரிய மதிப்போடு வைக்கப்பட்டன. கீழ்வீட்டில் அம்மா தம் ஆயுள் முழுதும் இருப்பதற்கு மூவரும் எழுதிக் கொடுத்தனர். அக்காவின் ஏழு பங்கும் வாய்க்கால் ஓரத்து நன்செய்யாக அமைந்தது. எஞ்சிய நன்செய் இரு சகோதரர்களுக்கும் சரிபாதியானபோது, வடபாதி யாருக்கு, தென்பாதி யாருக்கு என்று மறுபடியும் குரல் உயர்ந்தது. அப்போது அபூதாவூதில் வரும் ஒரு செய்தியைச் சொன்னேன். ஆதாரமே இல்லாத பழைய வாரிசுச் சொத்துக்காக இருவர் பெருமானாரிடம் (ஸல்) வழக்காட வந்தனர். தம் வாதத் திறமையால் சகோதரனின் உரிமையைப் பெற்றவன் பெறுவது நெருப்புத் துண்டே என்று எச்சரித்ததும், இருவரும் அழுது, என் உரிமை உனக்கே என்றார்கள். அந்நிலையிலும், சரி போங்கள் என்று பெருமானார் (ஸல்) விட்டுவிடவில்லை. நீதியை நாடிப் பங்கிடுங்கள், சீட்டுப் போடுங்கள், பிறகு ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளுங்கள் என்றார்கள். எங்களூர்ச் சகோதரர்கள் அழவில்லை. ஆனால் சீட்டுப் போட இசைந்தார்கள். அக்காவின் கடைக்குட்டிப் பிள்ளை சீட்டெடுத்தது.

வக்கீல் ஒருவரிடம் காட்டிப் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தார்கள். அக்கா தம் பங்கை விட்டுக் கொடுக்கவில்லை, வாரத்துக்கு விட்டிருக்கிறார். அந்த நெல்லில் ஒரு மூட்டை ஆண்டுதோறும் அம்மாவுக்கு வருகிறது. தம்பி முகமன் கூறி நின்று பேசுவார். அண்ணன் ஸலாம் சொல்வதோடு சரி. அவர் மகன் அப்போது ஐந்தாவது ஜுஸ்உ ஓதிக் கொண்டிருந்தான். வழக்கு முடிந்த மாதத்திலேயே அவனை வேறு மத்ரஸாவுக்கு மாற்றிவிட்டார். நன்றாக ஓதும் பையன். குரலும் இனிமை. ஹகமாக அமர்கிறவர் இப்படியொன்றை இழக்கவும் அணியமாக இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் அவன் ஓதிய இடத்தில் வேறு பிள்ளை அமர்ந்திருப்பதைக் காணும்போது மனம் கனக்கிறது.

கணவன் மனைவி பிணக்கில் மட்டும் நான் தனியே அமர்வதில்லை. அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் ஒருவரையன்றி இருவரைக் கேட்கிறது: அவன் குடும்பத்திலிருந்து ஒருவர், அவள் குடும்பத்திலிருந்து ஒருவர். சொத்துத் தகராறுக்கு அந்நியன் நல்லவன். படுக்கையறைத் துயரத்தை அந்நியனிடம் யார் சொல்வார்? மாமியின் சொல், நாத்தனாரின் பார்வை, வெளிநாட்டிலிருந்து வராத கடிதம் இவையெல்லாம் குடும்பத்தாருக்கே புரியும். அந்த இருவருக்கும் பிரித்து வைக்கும் அதிகாரம் உண்டா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உண்டு என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கருத்து. கணவன் பொறுப்புக் கொடுத்தாலன்றி இல்லை என்பது ஹனஃபிகள் கருத்து. அவ்விருவரும் இணக்கத்தை நாடினால் அல்லாஹ் உதவுவான் என்ற உறுதிமொழியில் கருத்து வேறுபாடு இல்லை. நடைமுறையில் நான் காணும் குறை வேறு. பெண் தரப்பு ஹகமாக வருகிறவர் பெரும்பாலும், பெண்ணை எப்படியாவது திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்ற முடிவோடு வருகிறார். அடி உதை இருக்கும் இடத்தில் இது ஆபத்து. உடலில் காயத்தோடு வரும் பெண்ணுக்கு வேண்டியது ஹகம் அன்று. மருத்துவமனை, அதன்பின் காவல் நிலையம். இதை ஜமாஅத் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். சிலருக்குப் பிடிக்கவில்லை.

சென்ற வாரமும் ஒரு தம்பதியின் விவகாரம் வந்தது. அடிதடி ஏதும் இல்லை. தனிக்குடித்தனம் பற்றிய மனத்தாங்கல். இரு வீட்டாரும் என்னையே அமரச் சொன்னார்கள். மாப்பிள்ளை என்னிடம் ஓதிய மாணவன். சிறு வயதில் அவன் செய்த குறும்பையெல்லாம் ரசித்தவன் நான். அதனால் மறுத்துவிட்டேன். பையன் பக்கம் அவனுடைய சாச்சாவும், பெண் பக்கம் அவளுடைய தாய்மாமனும் அமர்வது என்று முடிவாகியிருக்கிறது. வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு தாய்மாமன் வீட்டில் உட்காருகிறார்கள். நான் அன்று வழக்கம்போல் மத்ரஸாவில் இருப்பேன்.